கை நடுங்கும்போதும் குறி தவறாமல்: விளையாட்டில் மன உறுதி என்பது என்ன?

ஒரு போட்டி முடிந்த மறுநிமிடமே, வென்றவருக்கு மன உறுதி இருந்தது என்றும் தோற்றவரைக் கடைசி நேரத்தில் அது கைவிட்டுவிட்டது என்றும் சொல்லிவிடுவது வர்ணனையாளர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கும் பழகிப்போன பேச்சு. அந்தப் பேச்சு எதையும் விளக்குவதில்லை. வென்றதற்குக் காரணம் மன உறுதி, மன உறுதி இருந்ததற்குச் சான்று வென்றது என்று அது தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசி ஓவரில் மட்டையின் விளிம்பில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடிய பந்து இரண்டு விரற்கடை உள்வாங்கி ஸ்டம்பைச் சாய்த்திருந்தால், அதே ஆட்டக்காரரைப் பற்றி நாம் நேர்மாறாகப் பேசியிருப்போம். அவருடைய மனநிலை மட்டும் இரண்டு நிலையிலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் கருத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர், முடிவுகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, களத்தில் நின்றவர்கள் தங்கள் அனுபவத்தைப் பற்றி ஆற அமரச் சொன்னவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. 2002-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று விளையாட்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். சர்வதேச அளவில் ஆடிய 10 பேரிடம், மன உறுதி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களுடைய பதில்களிலிருந்தே ஒரு வரையறையை உருவாக்கினார்கள். போட்டி, பயிற்சி, அன்றாட வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒரு வீரர்மீது சுமத்தும் நெருக்கடிகளை எதிராளியைவிட நன்றாகச் சமாளிக்க உதவும் ஒரு கூடுதல் பலம், அது பிறவியிலேயே வாய்த்ததாகவும் இருக்கலாம், வளர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம் என்பது அந்த வரையறையின் சாரம். அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மன உறுதியை வளர்த்துக்கொள்ள முடியும் என்று அந்த வீரர்களே சொல்கிறார்கள். அடுத்து, அவர்கள் பட்டியலிட்ட பண்புகளில் ஒன்று, போட்டிப் பதற்றம் தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொண்டு, அதைச் சமாளிக்கத் தன்னால் முடியும் என்று தெரிந்திருப்பது. பயம் இல்லாமல் இருப்பதை அவர்கள் மன உறுதி என்று கருதவில்லை. பயத்தோடு சேர்ந்து வேலை செய்வதையே அப்படிக் கருதினார்கள்.

பதற்றம் உடலில் செய்யும் வேலை

பதற்றம் என்பது வெறும் எண்ணம் அல்ல. உடலில் நடக்கும் ஒரு நிகழ்வு. ஆபத்து என்று மூளை கருதும் எதையும் எதிர்கொள்ள உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, விரல் நுனிகள் நடுங்குகின்றன. நூறு மீட்டர் ஓடுபவருக்கு இந்த ஏற்பாட்டில் ஓரளவு லாபம்கூட உண்டு. துப்பாக்கி சுடுபவருக்கு அது பெருந்தொல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுவே இருக்கும் 10 புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு மட்டுமே. நாடித்துடிப்பே துப்பாக்கிக் குழலை அசைத்துவிடும் என்பதால், தேர்ந்தவர்கள் மூச்சை நிதானப்படுத்தி, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள அமைதியில் விசையை அழுத்தப் பழகுகிறார்கள்.

இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் துப்பாக்கி சுடுதலில் தடைசெய்யப்பட்டிருப்பதும் இதனால்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஸ்டல் பிரிவுகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்ற வட கொரிய வீரர் கிம் ஜோங் சு, ப்ராப்ரனாலால் என்ற அத்தகைய மருந்தை எடுத்துக்கொண்டது தெரிந்ததும் இரண்டு பதக்கங்களையும் இழந்தார். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும் என்பது அவ்வளவு எளிதான காரியமாக இருந்திருந்தால், அந்த மருந்துக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

உடலைவிட நுட்பமான சிக்கல் கவனத்தில் நேர்கிறது. ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய ஒரு செயலை உடல் தானாகவே செய்துவிடும். மனம் நடுவே புகுந்து, முழங்கை எங்கே இருக்கிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால்தான் அது தடுமாறும். மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்தக் காலை எந்தப் படியில் வைக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் கால் இடறுவதைப் போன்றதுதான் இது. 1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலையில் இருந்த யானா நோவோத்னா, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1 என்ற நிலையில், இரண்டு சர்வீஸ்களையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் செய்தார். அதன் பிறகு ஒரு கேம்கூட அவர் வெல்லவில்லை. கிராஃப் வரிசையாக 5 கேம்களை எடுத்துக் கோப்பையைக் கைப்பற்றினார். பரிசளிப்பு விழாவில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து நோவோத்னா அழுத படம் உலகெங்கும் பரவியது. நெருக்கடியில் உடைபவர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதே நோவோத்னா 1997 இறுதிப் போட்டியில் மீண்டும் தோற்று, 1998-இல் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்து பட்டம் வென்றார். 1993-இல் அந்த ஒரு பிற்பகலில் அவருடைய கவனம் தவறான இடத்துக்குப் போனது உண்மை. ஆனால் அதை அவருடைய குணம் என்று சொன்னவர்கள், இரண்டு தோல்விகளுக்குப் பிறகும் அதே புல்தரைக்குத் திரும்பி வந்ததை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் கண்ட தரைக்கல்லும் திருமண மண்டபமும்

மன உறுதி எப்படி உருவாக்கப்படுகிறது என்பதற்குத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவைவிடத் தெளிவான உதாரணம் இந்திய விளையாட்டில் கிடைப்பது அரிது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 597 புள்ளிகளோடு மூன்றாவது இடம் பெற்று இறுதிக்குச் சென்ற அவர், அங்கே ஏழாவது இடத்துக்குச் சரிந்தார். அவர் நின்று சுட்ட இடத்தில் தரைக்கல் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. அவர் கையில் இல்லாத ஒரு காரணத்தால் பதக்கம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள முழு நியாயமும் இருந்தது. பிந்த்ரா செய்தது வேறு. பயிற்சி செய்யும் இடத்திலேயே ஆட்டம் காணும் கல்லைப் பதித்து, அதன்மேல் நின்று சுட்டுப் பழகினார்.

இந்தச் செயல் கொஞ்சம் விபரீதமாகத் தோன்றலாம். அடுத்த ஒலிம்பிக்கிலும் அதே கோளாறு வரும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. கல் ஆடாமல் நிற்கும் என்ற எதிர்பார்ப்பைக் கைவிடுவதுதான் அந்தப் பயிற்சியின் பயன். எல்லாம் ஒழுங்காக அமைந்தால் மட்டுமே நன்றாகச் சுட முடியும் என்று நினைப்பவருக்கு முதல் குறுக்கீடே பாதிப் போட்டியைப் பறித்துவிடும். ஏதாவது ஒன்று கோணலாகத்தான் போகும் என்று பழகியவருக்கு, கோணல் வரும்போது அது எதிர்பார்த்த விருந்தாளியாகத் தெரியும். பெய்ஜிங்கின் பெரிய அரங்கில் சுடும் உணர்வுக்குப் பழகுவதற்காக அவர் சண்டிகரில் ஒரு திருமண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்ததாகச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பம் ஒன்றில் ஏறியதைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கிறார். பாதி உயரத்தில் உடல் நடுங்கி, இறங்கிவிடலாம் என்று தோன்றிய பிறகும் அவர் மேலே ஏறி, உச்சியிலிருந்த சிறு பலகையில் நின்றார். நடுக்கத்தை ஒழிப்பதற்காக அவர் ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டே அடுத்த அடியை எடுத்துவைக்க உடலால் முடியும் என்பதை உடலுக்கே நிரூபித்துக் காட்டினார்.

இவ்வளவையும் செய்ய வசதி வேண்டும் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. பிந்த்ராவின் தந்தை அவருக்காக வீட்டு வளாகத்திலேயே சுடுதளம் கட்டிக்கொடுத்தவர். வாடகைக்கு மண்டபம் எடுக்க வழியில்லாத ஒரு பிள்ளையின் மன உறுதியை அவருடையதோடு ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் கோணல் வந்தது. இறுதிச் சுற்றுக்குமுன் சோதனைக்காகச் சுட்ட முதல் குண்டு, 10-ஐ ஒட்டி விழவேண்டியது, 4-ஐ ஒட்டி விழுந்தது. துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகம் எப்படியோ இடம் மாறியிருந்தது. யார் செய்தது, எப்படி நடந்தது என்று ஆராய அப்போது நேரமில்லை. எஞ்சியிருந்த சில நிமிடங்களில் அவர் குறியைச் சரிசெய்துகொண்டு போட்டியைத் தொடங்கினார். தகுதிச் சுற்றில் 598 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த பின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனைவிட 2 புள்ளிகள் பின்தங்கி, 596-இல் தொடங்கிய பிந்த்ரா, ஒவ்வொரு குண்டாக இடைவெளியைக் குறைத்து வந்தார். இறுதிச் சுற்றின் 10 குண்டுகளில் 9 முடிந்திருந்தபோது, தகுதிச் சுற்றுப் புள்ளிகளையும் சேர்த்து, இருவரும் 689.7 என்று சரிசமமாக இருந்தார்கள். கடைசிக் குண்டில் ஹக்கினனுக்கு 9.7 கிடைத்தது. பிந்த்ராவுக்கு 10.8. ஹக்கினன் வெண்கலத்துக்கு இறங்க, சீனாவின் ஜூ சினான் 699.7-உடன் வெள்ளி பெற, 700.5 புள்ளிகளோடு தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியரானார் பிந்த்ரா.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது நல்ல கதை. ஆனால் கருத்தைப் புரிந்துகொள்ள 2016 ரியோவையும் பார்க்க வேண்டும். அங்கே போட்டி நாளன்று காலையில் அவருடைய துப்பாக்கி கீழே விழுந்து, குறிபார்க்கும் பாகம் உடைந்தது. மாற்றுப் பாகத்தைப் பொருத்திக்கொண்டு தகுதிச் சுற்றைத் தாண்டி, இறுதியில் பதக்கத்தை நெருங்கி, உக்ரைனின் செர்ஹி குலிஷோடு 163.8 என்ற சமநிலையில் நின்றார். சமநிலையை முறிக்க இருவரும் ஆளுக்கொரு குண்டு சுட்டார்கள். குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. நான்காவது இடத்தோடு அவருடைய ஒலிம்பிக் பயணம் முடிந்தது. பெய்ஜிங்கில் இருந்த உறுதி ரியோவில் குறைந்துவிட்டது என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? காலையில் துப்பாக்கி உடைந்த ஒருவர் மாலைக்குள் உலகின் நால்வரில் ஒருவராக நின்றார் என்பதுதான் நடந்தது. மன உறுதி ஒருவரைக் கடைசிக் குண்டு வரை கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் குண்டு எங்கே விழும் என்பதை அது மட்டுமே தீர்மானிப்பதில்லை.

தோற்ற புள்ளியை விட்டுவருதல்

ரோஜர் ஃபெடரர் 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது ஒரு கணக்கைச் சொன்னார். தம் வாழ்நாளில் அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வென்றிருக்கிறார். ஆனால் அந்த ஆட்டங்களில் ஆடப்பட்ட புள்ளிகளில் அவர் வென்றது 54 விழுக்காடு மட்டுமே. 20 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்ற ஒருவர், ஆடிய புள்ளிகளில் கிட்டத்தட்டப் பாதியைத் தோற்றிருக்கிறார்.

டென்னிஸின் புள்ளி அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது இதற்கு ஒரு காரணம். சிறிய அனுகூலம்கூட கேம், செட், ஆட்டம் என்று அடுக்கடுக்காகச் சேரும்போது பெருகிவிடுகிறது. ஃபெடரர் இதிலிருந்து எடுத்துக்காட்டிய பாடம் இன்னொன்று. இரண்டில் ஒரு புள்ளியைத் தோற்கப்போவது உறுதி என்றால், தோற்ற ஒவ்வொரு புள்ளிக்காகவும் துக்கம் கொண்டாட நேரமில்லை. ஆடும்போது அந்தப் புள்ளிதான் உலகத்திலேயே முக்கியமானது. முடிந்த பிறகு அது முடிந்ததுதான். இதைச் சொன்னவர் இளமையில் மட்டையைத் தூக்கியெறிந்து, மைதானத்திலேயே கத்தித் தீர்த்தவர் என்பது பலருக்கு நினைவிருக்காது. முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஃபெடரருக்குத்தான் வாய்ப்பு, அதற்குப் பிறகு தமக்குத்தான் என்று எதிராளி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னது தம்மை உறுத்தியதையும், அதன் பிறகே கடுமையாகப் பயிற்சி செய்யத் தொடங்கியதையும் அதே உரையில் அவர் விவரித்தார். நாம் அவரிடம் கண்ட அமைதி கற்றுக்கொண்ட அமைதி.

இதே திறமை வேறு உருவில், தலைமுறை தாண்டிக் கைமாறியதைச் சென்னையைச் சேர்ந்த இரண்டு சதுரங்க வீரர்களிடம் பார்க்கலாம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் முடங்கியபோது, உலக சாம்பியன் பட்டத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய விஸ்வநாதன் ஆனந்த் ஜெர்மனியிலிருந்து பல்கேரியாவின் சோபியா நகருக்குச் சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே பயணம் செய்தார். உள்ளூர் வீரரான வெசலின் டோபலோவிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 12 ஆட்டங்கள் கொண்ட அந்தப் போட்டியின் கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று, 6.5-5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

14 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் டிங் லிரனுக்கு எதிராக 18 வயது குகேஷ், வெள்ளைக் காய்களோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் லிஃப்டில் ஆனந்தைச் சந்தித்ததைக் குகேஷ் பிறகு நினைவுகூர்ந்தார். ஆனந்த் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தமக்கு 11 ஆட்டங்கள்தான் மீதமிருந்தன, உனக்கு 13 இருக்கின்றன என்ற பொருளில் ஒரு வரி மட்டும் சொன்னார். பயிற்சியாளர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய பேச்சு இது. அதில் தோல்வியைச் சிறுமைப்படுத்தும் சமாதானம் இல்லை, உன்னால் முடியும் என்ற முழக்கமும் இல்லை. முடிந்த ஆட்டத்திலிருந்து மீதமுள்ள ஆட்டங்களுக்குக் கவனத்தைத் திருப்பிவிடும் ஓர் எண் மட்டும் இருக்கிறது. குகேஷ் மூன்றாவது ஆட்டத்தை வென்று சமன் செய்தார்.

புதிதாக ஒரு விளையாட்டில் இறங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிமையானதே. தவறு நடந்த பிறகு அடுத்த ஆட்டச் செயல் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் செய்வதற்கென்று ஒரு சிறு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்: ஷூ கயிற்றைக் கட்டலாம், துண்டால் முகத்தைத் துடைக்கலாம், மூச்சை மெதுவாக ஒருமுறை வெளியே விடலாம். என்ன செய்கிறோம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதையே செய்கிறோம் என்பதுதான் முக்கியம். இதைப் பயிற்சியிலேயே செய்து பழகாமல் போட்டி நாளன்று முயன்று பார்ப்பதில் பயனில்லை. பயிற்சியாளர்கள் தங்கள் பங்குக்கு, பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே தவறான தீர்ப்பு வழங்கலாம், ஓடிக் களைத்த பிறகு பெனால்டி அடிக்கச் சொல்லலாம், சக வீரர்களைக் கூச்சலிடச் சொல்லலாம். தரைக்கல்லை ஆட வைப்பதற்கு மண்டபம் தேவையில்லை.

தாங்குவதும் விலகுவதும்

இனி இந்தக் கருத்தின் சிக்கலான பகுதிக்கு வரலாம். வலியைத் தாங்குவதுதான் மன உறுதி என்று நம்மில் பெரும்பாலோர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். கணுக்கால் வீங்கியிருந்தும் ஆடினான், காய்ச்சலோடு ஓடினாள் என்று சொல்லும்போது நம் குரலில் பெருமை ஏறுகிறது. இந்தப் பெருமையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை, 25 ஆண்டு இடைவெளியில் நின்ற இரண்டு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் குழுப் போட்டியில் கெரி ஸ்ட்ரக் என்ற 18 வயதுப் பெண், ஓடிவந்து கை ஊன்றித் தாவும் வால்ட் பிரிவில் முதல் தாவலிலேயே தவறி விழுந்து கணுக்காலில் காயமடைந்தார். அமெரிக்கக் குழு தங்கம் வெல்ல அவருடைய இரண்டாவது தாவலும் தேவை என்று எல்லோரும் நம்பினார்கள். நொண்டிக்கொண்டே ஓடுபாதைக்குச் சென்ற அவர், ஓடி, தாவி, தரையிறங்கி, காயம்பட்ட காலைத் தூக்கிக்கொண்டு நடுவர்களுக்கு வணக்கம் செலுத்திவிட்டுச் சரிந்து விழுந்தார், 9.712 புள்ளிகள் கிடைத்தன. பயிற்சியாளர் பெலா கரோலி அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டு மேடைக்குச் சென்ற காட்சி பல ஆண்டுகள் மன உறுதியின் சின்னமாகவே காட்டப்பட்டது. கணக்கெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அவர் அந்தத் தாவலைச் செய்யாமலே அமெரிக்கக் குழுவுக்குத் தங்கம் கிடைத்திருக்கும். அந்தக் காயத்தால் ஸ்ட்ரக் தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஆட முடியாமல் போனது.

2021 ஜூலை 27 அன்று டோக்கியோவில் அதே குழுப் போட்டியில், அதே வால்ட்டில், சிமோன் பைல்ஸ் இரண்டரை முறை சுழல்வதாகத் தாவி, ஒன்றரைச் சுழற்சியோடு நிறுத்திக்கொண்டு தடுமாறித் தரையிறங்கினார். அந்தரத்தில் இருக்கும்போது உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோகும் ஒரு நிலை ஜிம்னாஸ்டிக்ஸில் உண்டு. தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அத்தனை உயரத்திலிருந்து தலைகீழாக இறங்கினால் கழுத்தே முறியலாம். பைல்ஸ் குழுப் போட்டியிலிருந்து விலகினார். தொடர்ந்து வந்த தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகினார். நாட்டைக் கைவிட்டவர், கோழை என்றெல்லாம் எழுதியவர்கள் உண்டு. அப்போது அவருக்கு ஆதரவாகப் பொதுவெளியில் குரல் கொடுத்தவர்களில் கெரி ஸ்ட்ரக்கும் ஒருவர்.

கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தகைய உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த இரண்டு பெண்களில் கடினமான காரியத்தைச் செய்தவர் பைல்ஸ்தான் என்பது என் கருத்து. ஸ்ட்ரக்கைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் அவர் ஓட வேண்டும் என்று விரும்பினார்கள். பைல்ஸ் விலக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஆட்டத்தின் முடிவைச் சுழற்சி இல்லாததாக மாற்றியமைத்துக்கொண்டு, ஒடுங்கிய கட்டையின்மேல் ஆடும் பீம் பிரிவில் ஆடி வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் குழு, எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த தனிநபர் போட்டியான ஆல்ரவுண்ட், வால்ட் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். களைப்பு, பயம், சலிப்பு ஆகியவற்றைத் தாண்டிப் போகச் சொல்வது பயிற்சி. மூட்டில் குத்தும் வலியையும், தலையில் அடிபட்ட மயக்கத்தையும், திசை தெரியாத தாவலையும் தாண்டிப் போகச் சொல்வது பொறுப்பின்மை. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

வென்ற பிறகு

மன உறுதியைப் போட்டி நடக்கும் சில மணி நேரத்தோடு முடித்துக்கொள்வது இன்னொரு குறை. பெய்ஜிங் தங்கத்துக்குப் பிறகு தம் வாழ்க்கையின் மிகப் பெரிய மன நெருக்கடி வந்தது என்று பிந்த்ரா பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சிறுவயது முதல் ஒரே இலக்குக்காக எழுந்து, ஒரே இலக்குக்காக உறங்கியவருக்கு, அது கிடைத்த மறுநாள் எதற்காக எழ வேண்டும் என்று தெரியவில்லை. விளையாட்டை விட்டுவிடலாமா என்று யோசித்தார். விபாசனா தியான முகாமுக்குச் சென்றார். மெல்லத்தான் சுடுதளத்துக்குத் திரும்பினார். தோல்வியைச் சமாளிக்க ஊரே அறிவுரை சொல்லும். வெற்றி வெறுமையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்கு அது திமிராகத்தான் தோன்றும். அதனாலேயே பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

2023-இல் கசகஸ்தானின் அஸ்தானா நகரில் இயான் நெபோம்னியாச்சியை வென்று உலக சாம்பியனான டிங் லிரனுக்கும் இதே போன்ற காலம் வந்தது. பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வாலும் தூக்கமின்மையாலும் துன்பப்பட்டதை அவர் மறைக்கவில்லை. மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தார், ஆடிய போட்டிகளிலும் தடுமாறினார். சிங்கப்பூரில் குகேஷை எதிர்கொள்ள வந்தபோது, அவர் பாதிக்கு மேல் தாக்குப்பிடிப்பார் என்றே பலர் நம்பவில்லை. அவரோ முதல் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் தோற்று, அதன் பிறகு வரிசையாக ஏழு ஆட்டங்களை டிரா செய்தார். 11-வது ஆட்டத்தில் தோற்று, மறுநாளே 12-வது ஆட்டத்தை வென்று மீண்டும் சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று நடந்த 14-வது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். சில நொடிகளில் அதன் பொருள் புரிந்த குகேஷ், கண்களை விரித்து, தண்ணீர் குடித்து, தம்மை அடக்கிக்கொண்டு சரியான பதிலை ஆடினார். 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது; 7.5-6.5 என்ற கணக்கில் குகேஷ் மிக இளைய உலக சாம்பியனானார்.

அன்று குகேஷின் மன உறுதியைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். இந்திய கிரிக்கெட் அணி 2011-இல் உலகக் கோப்பை வென்றபோது அதனோடு பணியாற்றிய மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு அவர் செய்த பயிற்சியும் பேசப்பட்டது. டிங்கைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு யானை நகர்த்தலைப் பற்றியது. தோற்ற சில நிமிடங்களில் செய்தியாளர்கள் முன் வந்து அமர்ந்த டிங், அந்த ஆண்டில் தாம் மிகச் சிறப்பாக ஆடிய போட்டி இதுதான் என்றும், இன்னும் நன்றாக ஆடியிருக்கலாம் என்றாலும் இறுதியில் தோற்றது நியாயமான முடிவே என்றும், தமக்கு வருத்தம் ஏதுமில்லை என்றும் சொன்னார்.